மூன்றாம் படத்தில் ஒரு தப்பு

"மூணாம் படத்துல ஒரு தப்பு இருக்குங்க," என்றார் பூவேலைத் தொப்பி போட்ட கிழவர்.

ஃப்ரூமாவுக்குச் சுருக்கென்றது. இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து சமர்கந்து வரை தான் வரைந்த படங்களைச் சுமந்து வந்து கண்காட்சியில் மாட்டி முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் குற்றம் சொல்ல ஓர் ஆள்.

எல்லாப் படத்திலும் ஒரே அறைதான். போருக்குத் தப்பிப் போலந்திலிருந்து ஓடிவந்த அவளுடைய யூதக் குடும்பத்துக்கு, ஒய்னிசா என்ற உஸ்பெக் அம்மாள் ஒதுக்கிக் கொடுத்த அறை. மடித்து அடுக்கிய மெத்தைகள், விளக்கு மாடம், சுவர் ஆணியில் ஒரு வட்ட ரொட்டி. ரொட்டியில் ஒரே ஒரு கடி.

"அப்படி என்ன தப்பு?"

"முதல் படத்துல ரொட்டி கூரைகிட்ட தொங்குது. ரெண்டாவதுல விளக்கு மாடத்துக்கு வந்துடுச்சு. மூணாவதுல மெத்தைக்குப் பக்கத்துல. ரொட்டிக்குக் கால் முளைச்சுதா?"

"எனக்கு அப்ப ஆறு வயசு. வளர்ற பிள்ளைக்கு எல்லாம் கீழே இறங்கின மாதிரிதான் தெரியும்."

"ஒரே குளிர்காலத்துலயா? அந்த வருஷம் இந்த ஊர்ல கழுதைகூட வளரலையேம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த இளக்கத்திலோ என்னவோ, பெற்ற மகளிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

"அது வீட்டம்மாவோட ஒரே பையன் துர்சுன் கடிச்ச ரொட்டி. போருக்குப் போறவன் ஒரு வாய் கடிச்சு வச்சுட்டுப் போவான். திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னணும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. உங்க ஊர் வழக்கம், உங்களுக்கா தெரியாது?"

"தெரியும், தெரியும்."

"நான் தொட்டேன். பசி. மெத்தை அடுக்குல ஏறி நின்னு தினம் ஒரு துணுக்கு கிள்ளினேன். வசந்தம் வர்றதுக்குள்ள ஆணிதான் மிச்சம். ஒய்னிசா பெரியம்மா ஒரு வார்த்தை கேக்கலை. எங்களைப் போலந்துக்கு ரயிலேத்தின நாள் வரைக்கும் துர்சுன் வரலை."

அவள் குரல் இறங்கியது. "அவர் உசிரைத் தின்னுட்டேன்னுதான், நாப்பத்தஞ்சு வருஷமா அந்த ரொட்டியை அவர் கடிச்ச ஒரு கடி தவிர முழுசா வரைஞ்சு வரைஞ்சு திரும்ப மாட்டிக்கிட்டிருக்கேன். காலையில அந்தத் தெருவுக்குப் போனேன். வீட்டையே காணோம்."

கிழவர் மேலங்கிக்குள்ளிருந்து ஒரு ரொட்டியை எடுத்தார். இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை அவள் கையில் வைத்தார்.

"படத்துல தப்பில்லை, பாப்பா. உனக்கு எட்டலைன்னு ஆணியை இறக்கி இறக்கி அடிச்சது எங்கம்மாதான்."