ஓர் அடி முன்னால்

முன்வரிசையின் கடைசி இடம் அவளுடையது.

"டிராஃபிக்குக்கு ஒரு பொம்பளை போலீஸ் கேக்காங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "விருப்பம் உள்ளவங்க ஒரு அடி முன்னால வாங்க."

காலை அணிவகுப்பு அப்படியே நின்றது.

இந்த நிலையத்தில் பெண் காவலர்கள் இருவர்தான். அவள் ஒருத்தி. பக்கத்தில் நிற்கும் செல்வகனி மற்றவள். பயிற்சி முடித்து இப்போதுதான் வந்தவள். புதியவர்களை மாற்ற மாட்டார்கள்.

ஆக, கேள்வி அவளுக்கு மட்டுமே.

அவள் அசையவில்லை.

"போயிரு தாயி," என்று பின்வரிசையிலிருந்து ஏட்டு சுடலைமுத்து முணுமுணுத்தார். "வெள்ளச் சட்ட போட்டுட்டு ராணி மாரி நிக்கலாம்."

"அக்கா போயிட்டா ஜி.ஹெச்.சுக்கு ஆரு போவா?" இது இசக்கிராஜ். "எனக்குச் சேல கெட்டி அனுப்புவியளோ?"

அடக்கிய சிரிப்பு வரிசையின் ஊடே ஓடிற்று. இன்ஸ்பெக்டர் கேளாதவராக நின்றார்.

பெண்ணின் உடல் என்றால் பெண் காவல். அது முறை. ஆற்றில் மிதந்தது, தண்டவாளத்தில் கிடந்தது, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இறக்கியது. பரிசோதனை முடிந்து உரியவரிடம் ஒப்படைக்கும்வரை ஜி.ஹெச். பிணவறை வாசலில் ஒருத்தி இருந்தாக வேண்டும். தேடி வருகிறவர் இருந்தால் ஒரு பகலோடு முடியும். இல்லையென்றால் நாட்கணக்கு. இரவில் பூட்டிவிடுவார்கள். விடிந்ததும் மறுபடி.

அந்த ஒருத்தி எப்போதும் அவள்தான்.

அங்கிருந்து அவள் திரும்பும்போதெல்லாம் நிலையத்துப் பெஞ்சில் தாராளமாக இடம் உண்டாகும். முதல் வருடம் அதை மரியாதை என்றே நினைத்திருந்தாள்.

அண்ணன் வீட்டுப் புழக்கடையில் அவளுக்காக ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். குளித்துவிட்டுத்தான் படியேற வேண்டும். அதில் பிழை சொல்ல ஏதுமில்லை. எந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பொங்கலன்று, விடுப்பில், தலைக்குக் குளித்துப் புதுப்புடவையோடு போனபோதும் அந்த வாளி நிரம்பி நின்றது. அவள் மைனி என்று கூப்பிடும் அண்ணன் மனைவி வாளியைப் பார்த்தாள்.

அவ்வளவுதான்.

அதன் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

சென்ற ஓய்வு நாளில் வண்ணார்பேட்டை ரவுண்டானாவுக்குப் போய் ஓரமாக நின்றாள். யாருக்கும் சொல்லவில்லை. பேருந்துகள், வாழைத்தார் ஏற்றிய வேன்கள், பிள்ளைகளை அடைத்த ஆட்டோக்கள். நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் கையைத் தூக்கினார். ஊரே நின்றது.

எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கேயும் பேச ஆளில்லை. அதை அவள் உடனே கண்டுகொண்டாள்.

ஆனாலும் அத்தனை பேரும் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். வேலைக்கு, வீட்டுக்கு, பெண் பார்க்க, சண்டை போட. ஸ்கூட்டரில் பின்னால் இருந்த ஒரு பெண் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தபடி கடந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்ததல்ல. இருந்தும் அது கொஞ்சம் அவள்மேலும் தெறித்தது.

பிணவறை வாசலில் எவரும் எங்கும் போவதில்லை.

"என்ன, ஆருமில்லையா?"

இன்ஸ்பெக்டரின் பார்வை கைக்கடிகாரத்துக்கு இறங்கியது. அவர் நிமிர்ந்தால் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லது," என்றார் இன்ஸ்பெக்டர். "நாளைக்கே அங்க ரிப்போர்ட் பண்ணிருங்க." அதே மூச்சில் தொடர்ந்தார். "ஆத்துல எடுத்த பொம்பளையத் தேடி இன்னும் ஒருத்தரும் வரல. செல்வகனி, இன்னைலேர்ந்து நீ போய் இரு."

வரிசை கலைந்தது.

செல்வகனி அவளருகே வந்தாள். உதடு வறண்டிருந்தது.

"அங்க என்னக்கா செய்யணும்?"

இத்தனை வருடத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்கு மாற்று என்று ஒருவர் வந்ததே இல்லை.

"ஸ்டூல வாசலுக்கு நேரப் போடாத. பக்கவாட்டுல போடு, வாட அடிக்காது. நர்ஸம்மா டீ குடுப்பாவ, வேண்டாம்னுராத. ஆரும் அடையாளம் பாக்க வந்தா நீயும் கூட உள்ள போ. தனியாப் பாக்க விட்டுராத."

"சரிக்கா."

"பயப்படாத."

"சரிக்கா."

செல்வகனி வண்டியைக் கிளப்பினாள். வாசலை நெருங்கிவிட்டாள்.

"கனி!"

அவள் வண்டிக்குப் பின்னால் ஓடினாள். முற்றத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"நாளைக்கும் வாரேன்னு நேத்து சொல்லிட்டு வந்தேன்."

"ஆருட்டக்கா?"

"போனதும் மைனிகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. நான் இனிமே வரமாட்டேன்னு."

"மைனியா? ஒங்க மைனியா? அங்க எதுக்குக்கா அவங்க…"

"ஆத்துல எடுத்தவங்களுக்குப் பேரு தெரியாம நான்தான் மைனின்னு கூப்பிடுதேன்."

அவள் கைப்பிடியை விட்டாள்.