எவனும் கிழிக்காத போஸ்டர்

"அக்கா, ஜங்ஷன் ரோட்டுல ஒட்டுனதையும் கிழிச்சுப் போட்டுட்டானுங்க!"

வாசுகி மூச்சிரைக்க வந்து நின்றாள். அவள் நீட்டிய காகிதத்தை அம்புஜவல்லி வாங்கிப் பார்த்தாள். 'இருவர் பொம்மைக் கண்காட்சி' என்பதில் 'இருவர்' மட்டும்தான் மிச்சம்.

"பஸ் ஸ்டாண்டுல?"

"அங்கயும் போச்சு. பாலக்கரையில பாதிதான் தொங்குது."

யார் வேலை என்று ஜோசியமா கேட்க வேண்டும்? சுப்புராயனின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் இருவரும் வருஷக்கணக்கில் பொம்மைகளுக்குக் கண் எழுதியவர்கள். அந்தக் கண்ணுக்காகவே வெளியூர்க் கடைகளில் பொம்மைகள் சக்கைப் போடு போட்டன. ஆனால் பெட்டியில், பில்லில், பொம்மையின் அடியில் எல்லாம் சுப்புராயன் பெயர்தான். விடுமுறை நாட்களில் சொந்தமாகச் செய்த பொம்மைகளை, அடியில் தங்கள் பெயரைக் கீறி, ஒரு நாள் கண்காட்சி வைக்கப்போகிறோம் என்று இவர்கள் சொன்னதும் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பேரு கேக்குதா பேரு? ஈ காக்கா வராது. திங்கக்கிழமை வாயை மூடிக்கிட்டு வேலைக்கு வந்து நிப்பீங்க, பாரு!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

அதுதான் அம்புஜவல்லிக்கு ஆறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குப் பிடித்திருந்த மண்டபம் காலியாகக் கிடந்தால் அவர் சொன்னது பலித்துவிடும். மறுநாள் கம்பெனி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"விட்டுரலாமாக்கா? மறுபடி ஒட்டுனாலும் கிழிப்பானுங்க."

"எவனுக்கும் கிழிக்கக் கை வராத மாதிரி ஒண்ணு அடிப்போம்டி. கெளம்பு!"

அச்சகத்தில் கோகுலகிருஷ்ணன் அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னாம்மா இது, விளையாட்டா?"

"விளையாட்டு இல்லண்ணே. அடிங்க."

"கலர்லயா?"

"கருப்பே போதும். எங்க ரெண்டு பேரு போட்டோவும் பெருசா வரணும்."

"வூட்டுல தெரியுமா?"

"எங்க வூட்டுக்காரருதான் பசையே காய்ச்சப் போறாரு."

வாசுகி குறுக்கே புகுந்தாள். "அக்கா, வேப்பூரு அத்தைக்கு மட்டும் முன்னாடியே போன் போட்டுச் சொல்லிடணும். அது நெஞ்சுவலிக்காரி."

கோகுலகிருஷ்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரியான ஆளுங்கம்மா நீங்க! எப்ப ஒட்டணும்?"

"ஞாயித்துக்கிழமை விடியக்காலையில. ஒட்டுன அன்னைக்கே சனம் வந்துடும்."

வந்தது ஐயா, சனம்! ஒட்டிய போஸ்டர்களில் ஒன்றின் மேல்கூட எவனும் விரல் வைக்கவில்லை. காலையிலேயே மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. செருப்பை வெளியே விட்டு, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அம்புஜவல்லியைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சிலர் வாசலுக்கு ஓடிப்போய்ப் போஸ்டரை மறுபடி படித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஆனால் வந்தவர்கள் பொம்மைகளைப் பார்க்காமல் திரும்பவில்லை.

"அடிப்பாவிங்களா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்ட பூக்கார அம்மாள், ரயில் ஜன்னலோரம் முறுக்கு விற்கும் பீங்கான் பெண்ணைக் கையில் எடுத்தாள். திருப்பி, அடியில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது உம் பேராடி?"

"எம் பேருதாம்மா." அம்புஜவல்லி அந்த எழுத்துகளை விரலால் தடவிக் காட்டினாள். எத்தனை வருஷ ஆசை!

அப்போதுதான் சுப்புராயன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பெரிய ரோஜா மாலை, பின்னால் கம்பெனி ஆட்கள். போஸ்டர் கிழித்த அதே ஆட்கள்தான். இன்றைக்குக் கைகட்டி நின்றார்கள்.

டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்த அம்புஜவல்லியைக் கண்டதும் மாலை அவர் கையிலிருந்து நழுவியது.

"நீ... நீ..."

"வாங்க முதலாளி. டீ சாப்பிடுறீங்களா?"

"என்னாடி இது? ஊரையே ஏமாத்துறீங்களா?" அவர் வாசல் சுவரைக் காட்டினார்.

அங்கே, கருப்புக் கட்டத்துக்குள் அம்புஜவல்லியும் வாசுகியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், 'கண்ணீர் அஞ்சலி'.

"கீழ இருக்கிறதையும் படிங்க முதலாளி. உங்க கம்பெனியில பேரில்லாம கண்ணு எழுதிக்கிட்டிருந்த ரெண்டு பொம்பளைங்க போய்ச் சேர்ந்துட்டாங்க, அவங்க பேரு போட்ட பொம்மைங்களைப் பார்க்க வாங்கன்னுதானே போட்டிருக்கு?" அம்புஜவல்லி மாலையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "இதுல என்னா பொய்யி? திங்கக்கிழமை அவளுங்க வேலைக்கு வரமாட்டாளுங்க."