வானம் பார்த்த நிச்சயதார்த்தம்

வைத்தீஸ்வரனுக்கு நிலைகொள்ளவில்லை. நொடிக்கொரு தரம் பந்தலை விட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

பவானிபூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுவசதி வாரியக் கட்டடத்தின் மொட்டைமாடியில் மகள் மாதங்கிக்கு நிச்சயதார்த்தம். அதே வாரியத்தில் அவர் ஒப்பந்தப் பிரிவு இன்ஜினீயர்.

"அதான் காலம்பற காளிகாட் கோவிலுக்குப் போய் வேண்டிண்டு வந்துட்டேளே! மழை வராது. உள்ளே வந்து உட்காருங்கோ, சம்பந்தி பார்க்கறார்" என்றாள் மனைவி காமு.

"புழுங்கறதே..." என்று மறுபடி அண்ணாந்தார்.

தட்டு மாற்றி முடித்ததுமே வங்காளத்துக் கோடைப் புயலான காலபைசாகி மழையோடு அடித்தது. பந்தல் பறந்தது. எல்லோரும் கீழே ஓடினார்கள். வைத்தீஸ்வரனை மட்டும் காணோம்.

காமு தேடிப் போனாள். மாடிக்கு நேர் கீழே, மேல்தளத்தில் குடியிருக்கும் போஸ் பாபு வீட்டுக் கூடத்தில், மேலேயிருந்து சொட்டும் தண்ணீரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணோட விசேஷமே நனைஞ்சு போச்சு, சிரிக்கறேளே!"

"மாடி ஒழுகாம இருக்கப் பூச்சு போட்டானே கான்ட்ராக்டர், போன மழைக்காலம் முடிஞ்சப்புறம்தான் போட்டான். ஆறு மாசத்துக்குள்ள ஒழுகினா அவன் செலவுல சரிபண்ணணும். அந்தக் கெடு இன்னியோட முடியறது. இதுவரைக்கும் ஒரு தூறல்கூட இல்லை."

"அதுக்கு?"

வைத்தீஸ்வரன் குரலைத் தாழ்த்தினார்.

"காலம்பற நான் வேண்டிண்டதே மழை கொட்டணும்னுதான், காமு."