ஆறவைக்கும் அடுப்பு

கைவினைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பட்டறையில் அன்று கண்காட்சி. பானைகளும் கூடைகளும் வாசலில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. சற்றுமுன் ஊதி முடித்த கண்ணாடி ஜாடியும் கிண்ணமும் மட்டும், மெதுவாகச் சூடு ஆறுவதற்காக அடுப்புக்குள் கிடந்தன.

"கூட்டம் கலைஞ்சப்புறம் நம்மள யாரு பார்ப்பா?" என்று ஜாடி புலம்பியது.

கிண்ணமோ இடுக்கியிடம் கெஞ்சியது. "அண்ணே, ஒரு எட்டு முகத்தைக் காட்டிட்டு வந்துடறேன்."

இளகிய மனசு இடுக்கிக்கு. தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தது.

"அடேயப்பா, என்ன மினுமினுப்பு!" என்று பானை வாயைப் பிளந்தது. அடுப்பின் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்த ஜாடிக்கு வயிறு எரிந்தது. அப்போது சிலுசிலுவென்று காற்று வீசியது. கிண்ணம் படீரென்று நாலாகத் தெறித்தது.

இடுக்கி அசடு வழியத் திரும்பி வந்தது. "அடுத்து நீ வர்றியா தங்கச்சி?"

"முதல்ல கதவைச் சாத்துங்கண்ணே," என்றது கணகணவென்றிருந்த ஜாடி. "குளிருது!"