மிதிக்காத பலகை

மணலுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டதும் அரங்கமே கை தட்டியது.

புதைத்த பெட்டிக்குள் என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார். தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர். இன்று ஒன்பது கேளிக்கை அரங்குகளுக்கு முதலாளி. ஒன்பதாவதன் திறப்பு விழாவுக்குத்தான் இந்தப் பழைய வித்தை.

உள்ளே போகுமுன் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் போனார். எவ்வளவு தட்டினாலும் திறக்கக் கூடாதாம். வெளியே நிற்கும் நான் கை தூக்கினால்தான் திறக்கணுமாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் வாய்க்கு ஒரு ஊரே பிழைக்கலாம்.

மேலாளர் என் பக்கம் குனிந்தார்.

“அஞ்சு நிமிஷம்னு சொன்னாரும்மா, ஏழாச்சு. ஆனா ஐயா என்னமா தட்டுறாரு பாருங்க, நெஜமாவே மூச்சு முட்டுற மாதிரி.”

பாவம், அவருக்குத் தொழில் தெரியாது.

பெட்டிக்குள் படுப்பவர் தட்டவே கூடாது. அசைந்தால் மூச்சு வீணாகும். தட்டுவது வெளியே நிற்கும் நான்தான். மணலுக்கடியில் பெட்டியோடு முட்டும் ஒரு பலகை, அதன் மறுமுனை என் காலுக்குக் கீழே. குதிகாலால் இடித்தால் உள்ளே ஆள் தவிப்பது போலக் கேட்கும். இன்று காலையும் என் வீட்டுக்காரரே வந்து, யாருக்கும் தெரியாமல் பலகையைப் புதைத்துவிட்டுப் போனார்.

அதை நான் இன்னும் மிதிக்கவே இல்லை.

சத்தம் மறுபடி வந்தது. தாளம் தப்பி, தாறுமாறாக. முன்வரிசையில் செல்போன்கள் உயர்ந்தன. என் வலது கை என்னை மீறி மேலே எழுந்துவிடுமோ என்று பயந்து இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி, இப்பதானே சூடு பிடிக்குது” என்றேன் மேலாளரிடம்.

தெருவில் வித்தை காட்டிய காலத்திலும் ஒரு நாள், நான் மிதிக்காமலேயே சத்தம் வந்தது. திறக்க ஓடினேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் என்னை இழுத்து நிறுத்தினார். கூட்டம் சேர்கிற நேரமாம்.

மேளம் ஓய்ந்து பெட்டியைத் திறந்தபோது என் அண்ணனுக்கு உயிர் இல்லை.

அன்று மேளம் அடித்தவர்தான் என் வீட்டுக்காரர். பெட்டிக்குள் படுத்து வளர்ந்தவன் நான் என்று எல்லாப் பேட்டியிலும் சொல்வார்.

படுப்பது இன்றுதான் முதல் தடவை.