கோணேஸ்வரக் கடலில் விட்ட கம்பளி

செத்துப்போன புருஷனின் கம்பளியைக் கடலில் விட்டால்தான் மறுதாலி என்று தேயிலைத் தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெரியவர்கள் அலமேலுவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்காகவே அவள் திருக்கோணேஸ்வரம் போய்வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சுவரொட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி பிடித்துக்கொண்டாள். ஊர்வம்பு கேட்காவிட்டால் ராக்காயிக்குச் சோறு இறங்காது.

"விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமத்தானே வந்த?"

"ஒரே ஒரு தடவ பாத்துட்டேங்க்கா."

மறுநாள் சாயங்காலம் நோர்வூட்டிலிருந்து சங்கிலி என்ற புது மாப்பிள்ளை பூவோடு வந்தான். முதல் புருஷனை அவன் கண்டதில்லை. அலமேலு வீட்டு வாசலோடு திரும்பிவிட்டான்.

"ஏன் தம்பி, உள்ள போகல?" என்றாள் ராக்காயி.

"யாரோ ஒருத்தர் ஈரத்தலையோட சாப்பிட்டுக்கிட்டு இருக்காருங்க. அப்புறமா வாரேன்."

ராக்காயி தன் காம்பராவுக்குள் ஓடி நடுச்சுவரில் காதை வைத்தாள்.

"உப்பு போதுமாங்க?" என்று அலமேலு கேட்டுக்கொண்டிருந்தாள்.