மூன்றாவது செடி

மாலை வெயில் வீட்டுத் தோட்டத்தில் அடுக்கிய பாறைகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. இடுக்கில் பச்சைப் பாயாகப் படர்ந்திருக்கும் மலைச்செடியின் அடியில் மருமகள் விரலை விட்டுப் பார்க்கிறாள். சரளைக்கல் மறுபடியும் நனைந்திருக்கிறது. இப்படித் தண்ணீர் குடித்துக் குடித்தே இரண்டு செடிகள் அழுகிப்போயின, இது மூன்றாவது. ரப்பர் குழாயை ஒளித்துவைத்தாயிற்று, பூவாளியைப் பூட்டிவைத்தாயிற்று. முப்பது வருஷம் தீயணைப்பு வண்டியில் ஓடிய மாமனாருக்கோ, காய்ந்த எதைக் கண்டாலும் கை சும்மா இருப்பதில்லை. இதோ, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிறார், கையில் தளும்பும் டம்ளரோடு. “இது தண்ணி கேக்கிற செடி இல்ல மாமா, எத்தன தடவ சொல்றது?” “ஒரே ஒரு வாய்தாம்மா. பாவம், வெயில்ல காயுது.” அவள் டம்ளரைப் பிடுங்கி, மடமடவென்று தானே குடித்துவிடுகிறாள். “இன்னொரு டம்ளர் கொண்டு வரட்டுமா?” என்று கேட்கிறார் மாமனார். கண்ணோ செடியின் மேலேயே இருக்கிறது.